கோலத்தில் கணிதம் கண்ட கிஃப்ட் சிரோமணி



மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் எங்கள் கிருமாம்பாக்கத்துத் தெருக்கள் பெரியதொரு சிலேட்டுப் பலகையாக மாறிவிடும். கடலூர்ச் சாலையில் முதல் பேருந்து ஓடத் தொடங்குமுன்னரே வாசல்தோறும் சாணம் தெளித்துப் புள்ளி வைத்துக் கோலமிட்டு முடித்திருப்பார்கள். நாங்கள் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் சைக்கிள் சக்கரமும் கோழிக் கால்களும் அவற்றுள் பாதியை அழித்துவிட்டிருக்கும். அதற்காக வருந்துவோர் எவருமிலர். மறுநாள் வேறொரு கோலம் அங்கே மலரும்.

இத்துணைக் கோலங்களையும் பிழையின்றிப் போடுகின்ற அன்னையரிடம் கணக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றே சொல்வார்கள். கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் நாங்களும் அதே விடையைத்தான் வீட்டில் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். ஆனால் அவர்கள் விரல் நுனியில் இருப்பதே உயர்ந்த கணிதம் என்பதை உலக அறிஞர்கள் முன் எடுத்துக்காட்டிய தமிழர் ஒருவர் இருந்தார். அவரே தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி. அவரது வாழ்வையும், அது எங்களுக்குக் கற்பித்த ஒரு பாடத்தையும் இங்கே எழுத விழைகிறோம்.

புள்ளியியல் அறிஞர்

கிஃப்ட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பரிசு என்பது பொருள். சிரோமணி என்றால் முடியில் பதித்த மணி. பெயருக்கேற்ற அந்தப் பெருமகனார் 1932-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கல்லூரி. புதர்க்காடும் நெடுமரங்களும் புள்ளிமான்களும் நிறைந்த அதன் வளாகமே சிரோமணியின் பணிக்களம். அவர் வகுப்பறையில் புள்ளியியல் கற்பித்தார். வெளியே வந்தால் பறவைகளை உற்றுநோக்கிக் குறிப்பெடுத்தார். எதைக் கண்டாலும் எண்ணிப் பார்ப்பதும், எண்ணியதிலிருந்து ஓர் ஒழுங்கைத் தேடுவதும் அவர்தம் இயல்பாகிவிட்டன.

புள்ளிவிவரங்களை ஆராய்வது புள்ளியியல். அந்தத் துறையின் பேராசிரியரே பிற்காலத்தில் புள்ளிக் கோலத்தையும் ஆராய்ந்தார் என்பது எத்துணைப் பொருத்தம்!

அடுத்த எழுத்து எது?

கோலத்துக்கு வருமுன் அவர் ஆராய்ந்தது நம் தாய்மொழியை. இதனை விளங்கிக்கொள்ள ஒரு விளையாட்டு ஆடலாம். ஒருத்தி மனத்தில் ஒரு வாக்கியத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஊகிக்க வேண்டும். முதல் எழுத்து ப என்று தெரிந்தால் அடுத்தது எதுவாகவும் இருக்கலாம். பழம், பசு, படகு என எத்தனையோ சொற்கள் உள்ளன. ஆனால் பள்ளிக்கூட என்பது வரையில் வந்துவிட்டால் அடுத்து ம் என்று வகுப்பே ஒரே குரலில் கூவிவிடும்.

அப்படியானால் ஒரு மொழியில் அடுத்து வரும் எழுத்தைப் பற்றிய ஐயம் சராசரியாக எவ்வளவு? இதை எண்ணால் அளக்கும் வழியை அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் 1948-இல் வகுத்தார். தொலைபேசிக் கம்பியில் செல்லும் செய்தியையும், அதில் கலந்து கெடுக்கும் இரைச்சலையும் ஆராய்ந்தபோது அவருக்குத் தோன்றிய வழி அது. அதே அளவுகோலைத் தமிழ் உரைநடைக்குப் பொருத்திப் பார்த்தார் சிரோமணி. அந்தக் கட்டுரை 1963-ஆம் ஆண்டில் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 31-க்கு மேல் இல்லை.

இதிலுள்ள கருத்து மிக எளியது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பானையிலிருந்து எழுத்துகளை எடுத்து வரிசையாக வைத்தால் கிடைப்பது வெறும் இரைச்சல். அடுத்தது எது என்று எவராலும் சொல்ல முடியாது. மாறாக, ஒரே எழுத்தையே எழுதிக்கொண்டு போனால் அடுத்தது எது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் அதில் செய்தியும் இல்லை. உயிருள்ள மொழி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கொஞ்சம் ஒழுங்கு, கொஞ்சம் வியப்பு! இந்த ஒரு கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு தோழியரை வேண்டுகிறோம். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

கல்லும் எழுத்தும்

சிரோமணியின் ஆர்வம் ஒரு துறைக்குள் அடங்கவில்லை. மெய்யியல் பேராசிரியர் மைக்கேல் லாக்வுட், தாவரவியல் பேராசிரியர் தயானந்தன் ஆகியோருடன் சேர்ந்து மாமல்லபுரத்துச் சிற்பங்களை ஆராய்ந்து 1974-இல் ஒரு நூல் வெளியிட்டார். சிற்பங்களின் ஆடை, அணிகலன், தலையணி ஆகியவற்றை ஒன்றுவிடாமல் குறித்து ஒப்பிட்டால் எது முந்தியது, எது பிந்தியது என்று அறியலாம் என்பது அவர் வழி. பல்லவர் குகைகளின் வாயிற்காவலர் சிலருக்குக் கொம்பு இருப்பது ஏன் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. அது கொம்பன்று, சிவபெருமானின் சூலமே மனித உருவில் நிற்கிறது. எதிர்ப்புறம் நிற்பவர் முடியில் தெரிவது மழுவின் விளிம்பு என்று அவரும் லாக்வுட்டும் விளக்கினர். எங்கள் கொம்யூனின் தலைமையிடமான பாகூருக்கும் பல்லவர் தொடர்பு உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரிலிருந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விக்கூடத்துக்கு, ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. ஆகவே அவர் ஆராய்ந்த பல்லவர் காலம் எங்களுக்கு அயலானதன்று.

தமிழ் எழுத்தின் வடிவம் நூற்றாண்டுதோறும் எவ்வாறு மாறியது என்பதையும் அவர் ஆராய்ந்தார். தம் குழுவினருடன் சேர்ந்து திருக்குறளைப் பண்டை எழுத்து வடிவங்களில் அமைத்து 1980-இல் ஒரு நூலாக்கினார். அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணிப்பொறி தானே பார்த்துப் படிக்கும் முறை பற்றி 1978-லேயே அவர் குழு கட்டுரை வெளியிட்டது. இன்று கைப்பேசியைத் தமிழ்ப் பக்கத்தின்மேல் காட்டினால் அது படித்துவிடுகிறது. அதற்கு வித்திட்டோருள் அவரும் ஒருவர் எனின் மிகையாகாது. சிந்துவெளி எழுத்துகளில் எந்தக் குறிக்குப் பின் எந்தக் குறி வருகிறது என்றும் எண்ணிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாத எழுத்திலும் அடுத்தது எது என்று கேட்கலாம் அல்லவா?

கோலத்துக்கும் இலக்கணம் உண்டு

இனி அவரைப் பெரும்புகழுக்கு உரியவராக்கிய பணிக்கு வருவோம். அவர் துணைவியார் ராணி சிரோமணி அம்மையார் சிறந்த கணித அறிஞர். கணிப்பொறிக் கொள்கையில் இந்தியாவின் முன்னோடிகளுள் ஒருவர். அவரும், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக விளங்கிய கமலா கிருத்திவாசன் அம்மையாரும், சிரோமணியும் சேர்ந்து 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கோலமும் அணி இலக்கணமும் என்பது அதன் பொருள். இங்கே அணி என்பது செய்யுளின் உவமை அணி அன்று. கட்டம் கட்டமாக வரிசையில் நிற்கும் குறிகளைக் குறிக்கும் கணிதச் சொல்.

இலக்கணம் என்றால் என்ன? எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் சில விதிகளைக் கொண்டு எண்ணற்ற வாக்கியங்களை நாம் ஆக்குகிறோம். அவ்வாறே சில விதிகளைக் கொண்டு எண்ணற்ற கோலங்களைப் பிறப்பிக்கலாம் என்று அம்மூவரும் காட்டினர். 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வைத்து ஒரு கோலம் போடுகிறோம். விழா நாளில் வாசலை அடைத்துப் பெரிதாகப் போட வேண்டுமானால் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வளர்க்கிறோம். பெரிய கோலத்தைப் புதிதாக யாரும் கற்பிப்பதில்லை. சிறியதை அறிந்த கைக்கு அதை வளர்க்கும் விதியும் தெரிந்திருக்கிறது. அந்த விதியைத்தான் அவர்கள் எழுத்தில் வடித்தார்கள்.

இதில் எங்களைக் கவர்ந்த செய்தி மற்றொன்றும் உண்டு. கோலமிடும் பெண்கள் அதை எப்படி மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள் என்றும் சிரோமணியும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி ஒரே கோடாக ஓடும் கோலத்தைக் கம்பிக் கோலம் என்பர். எங்கள் பக்கத்தில் சிக்குக் கோலம் என்போம். அதை அவர்கள் ஒரு படமாக மட்டும் நினைவில் வைக்கவில்லை; கை செல்லும் அசைவுகளின் வரிசையாக வைத்திருக்கிறார்கள். நேரே செல், வலப்பக்கம் வளை, இடப்பக்கம் வளை, சுற்றித் திரும்பு என்றவாறு அது போகும். ஆக, தரையில் நீளமும் அகலமுமாகப் பரந்து கிடக்கும் கோலம் நினைவுக்குள் ஒரு பாட்டைப்போல ஒரே வரியாக இருக்கிறது!

முருங்கைக் கீரையும் கோலமும்

முருங்கைக் கீரை ஆய்ந்திருக்கிறீர்களா? பெரிய ஈர்க்கிலிருந்து சிறிய ஈர்க்குகள் பிரிகின்றன. அவற்றிலிருந்து இன்னும் சிறியவை பிரிகின்றன. அதன் பின்னரே இலை வருகிறது. ஒரு சிறு கிளையை மட்டும் பறித்து உருப்பெருக்கியில் பார்த்தால் முழு ஈர்க்கையே பார்ப்பதுபோல் இருக்கும். பெரிதில் உள்ள வடிவமே சிறிதிலும் திரும்ப வருகின்ற இத்தகைய உருவங்களுக்கு மாண்டல்பிராட் என்னும் அறிஞர் 1975-இல் ஃபிராக்டல் என்று பெயரிட்டார்.

1968-இல் லிண்டன்மயர் என்னும் தாவர அறிஞர் செடி வளர்வதை எழுத்துகளால் எழுதிக் காட்டினார். ஒவ்வோர் எழுத்தையும் ஒரு விதிப்படி வேறு எழுத்துகளாக மாற்றிக்கொண்டே போனால் வரிசை செடியைப்போல வளர்கிறது. கோலத்துக்கும் இதே முறை பொருந்தியது. கண்ணன் சிலம்பு என்று பொருள்படும் பெயருள்ள ஒரு கோலத்தில் ஒவ்வொரு படியிலும் முந்திய உருவம் நான்காகப் பெருகி ஒரே கோட்டில் இணைகிறது. பெருக்கிப் பார்க்கப் பார்க்க அதே முகம்! ராணி அம்மையாரும் சுப்பிரமணியன் என்னும் ஆய்வாளரும் 1983-இல், ஒரு கட்டத்தையே நிரப்பிச் செல்லும் இத்தகைய கோடுகளை இலக்கண விதிகளால் ஆக்குவது பற்றி எழுதினர். கனடாவில் புருசிங்கியெவிச் என்னும் அறிஞர் இந்தப் பணிகளைப் பயன்படுத்திக் கணிப்பொறியில் கோலங்களை வரைந்தார். எங்கள் வாசல் கோலம் கடல் கடந்து அறிவியல் நூலில் ஏறியது இவ்வாறுதான்.

கோலம் பாடுமா?

அந்தப் புருசிங்கியெவிச் 1986-இல் இன்னொன்றும் செய்தார். கட்டத்தை நிரப்பும் ஒரு வளைகோட்டின்மேல் எறும்பு ஊர்வதாக வைத்துக்கொள்வோம். எறும்பு மேலே இருந்தால் உயர்ந்த ஸ்வரம், கீழே இருந்தால் தாழ்ந்த ஸ்வரம். கோடு நீண்டால் ஒலி நீளும், குறுகினால் குறுகும். இவ்வாறு ஒரு படத்தை ஒலி வரிசையாக மாற்றலாம் என்று அவர் காட்டினார். பரப்பாக இருந்தது வரியாகிறது, கண்ணுக்குரியது காதுக்குரியதாகிறது.

அந்த ஒலி இசையா, இரைச்சலா? வானொலியில் இரு நிலையங்களுக்கு நடுவே முள்ளை நிறுத்தினால் உஸ் என்னும் ஒலி கேட்கும். அதில் ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் உறவே இல்லை. இதனை வெள்ளை இரைச்சல் என்பர். மேய்ச்சல் ஆடு நின்ற இடத்திலிருந்தே அடுத்த அடி வைத்துத் திசையின்றி அலைவதைப்போல, முந்திய கணத்தை விட்டு நகர மாட்டாமல் தள்ளாடும் ஒலியும் உண்டு. நல்ல இசையின் ஏற்ற இறக்கம் இவ்விரண்டுக்கும் நடுவே அமைகிறது என்று 1975-இல் வாஸ், கிளார்க் என்னும் அறிஞர் இருவர் அளந்து கண்டனர். அந்த நடுத்தர ஒலியைச் சிறிது நேரம் கேட்டாலும் நெடுநேரம் கேட்டாலும் ஏற்ற இறக்கத்தின் சாயல் ஒன்றே. முருங்கை ஈர்க்கு பெரிதிலும் சிறிதிலும் ஒன்றாக இருப்பதைப் போன்றதே இதுவும். மொழியைப் பற்றி முன்னர்ச் சொன்னதை நினைவுகூருங்கள். கொஞ்சம் ஒழுங்கு, கொஞ்சம் வியப்பு!

இதைப் படித்தபின் எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. மதிய உணவு இடைவேளையில் மேசையைத் தட்டிப் பார்த்தோம். லிண்டன்மயர் காட்டிய மிக எளிய விதியை எடுத்துக்கொண்டோம். தா வரும் இடத்தில் தா கி என்று மாற்ற வேண்டும். கி வரும் இடத்தில் தா என்று மாற்ற வேண்டும். அவ்வளவுதான். தா என்று தொடங்கினால் அடுத்தது தா கி. அதற்கடுத்தது தா கி தா. பிறகு தா கி தா தா கி. பிறகு தா கி தா தா கி தா கி தா. தட்டுகளின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8, 13, 21 என்று வளர்ந்து எட்டாம் மாற்றத்தில் 55 ஆகிறது. முந்திய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருவதைத் தோழியர் கவனித்திருப்பீர்கள்.

ஒப்பிடுவதற்காக ஒரு நாணயத்தை 55 முறை சுண்டினோம். தலை விழுந்தால் தா, பூ விழுந்தால் கி. அந்த வரிசையைத் தட்டியபோது தகரக் கூரையில் விழும் மழைபோல இருந்தது. தா மட்டுமே 55 முறை தட்டியபோது கடிகாரம்போல இருந்து தூக்கம் வந்தது. விதிப்படி வந்த வரிசையைத் தட்டியபோதோ கால் தானே தாளம் போட்டது. ஆனாலும் அடுத்து எங்கே திரும்பும் என்பதில் ஓர் ஆவல் இருந்துகொண்டே இருந்தது. அதில் இரண்டு கி சேர்ந்து வருவதே இல்லை. மூன்று தா சேர்ந்து வருவதும் இல்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. அந்த வரிசையில் தா கி சேர்ந்து வரும் இடங்களையெல்லாம் ஒரு தா என்று சுருக்குங்கள். துணையின்றி நிற்கும் தா ஒவ்வொன்றையும் கி என்று மாற்றுங்கள். முந்திய படியின் வரிசையே திரும்பக் கிடைக்கும்! நெருங்கிப் பார்த்தாலும் விலகிப் பார்த்தாலும் ஒரே உருவம். நாணயம் தந்த வரிசையை அப்படிச் சுருக்கப் போனால் தொடக்கத்திலேயே இரண்டு கி சேர்ந்து வந்து வழியை அடைத்துவிட்டன. அதற்கு உள்ளே வேறொன்றும் இல்லை.

ஆயாவின் செவி

எங்களுள் ஒருத்தியின் ஆயா இவ்வட்டாரத்தில் சிக்குக் கோலத்துக்குப் பெயர்பெற்றவர். பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாதவர். முன்பு ஒருநாள் ஓர் அலுவலகத்தில் அவர் பெருவிரலில் மை தடவியபோது, மேசைக்கு அப்பால் இருந்தவர் கைநாட்டுதானே என்று எல்லோர் எதிரிலும் இளக்காரமாகச் சொல்லிவிட்டார். வீடு திரும்பியும் ஆயா அந்த மையை வெகுநேரம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாராம். இப்போது அவருக்குக் கண்புரை, கையும் நடுங்குகிறது. மாவு விரல் வழியே சீராக இறங்குவதில்லை. அந்த வீட்டு வாசற்படியில் இன்று கடையில் வாங்கிய கோலத்தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அவர் அறிந்த கோலங்கள் எந்த நோட்டிலும் இல்லை.

சிரோமணியைப் பற்றிப் படித்ததும் எங்களுக்கு ஆயாவின் நினைவு வந்தது. ஒரு சனிக்கிழமை அவரிடம் சென்று அவருக்குத் தெரிந்த பெரிய கோலம் ஒன்றைப் போட்டுக்காட்ட வேண்டினோம். நடுவிலிருந்து ஒரு பகுதியை மட்டும் போடுமாறு கேட்டபோது அவரால் முடியவில்லை. பாட்டின் நடுவரியை மட்டும் பாடச் சொன்னால் முதலிலிருந்து பாடிப் பார்ப்போமே, அதுபோல அவரும் முதல் புள்ளிக்கே திரும்பிச் சென்றார். பேராசிரியர் கண்ட உண்மை எங்கள் கண்ணெதிரே நிகழ்ந்தது!

ஆயா மெல்ல மெல்லப் போட்டுவர, நாங்கள் ஒவ்வோர் அசைவையும் நோட்டில் குறித்தோம். நேராகச் சென்றால் நேர், வலம் வளைந்தால் வலம், இடம் வளைந்தால் இடம், புள்ளியைச் சுற்றித் திரும்பினால் சுழி. இரண்டு பக்கங்கள் நிறைந்தன. அந்தக் கோலம் நான்கு திசையிலும் ஒரே மாதிரி அமைந்தது. ஆகவே எங்கள் வரிசையும் நான்கு முறை திரும்பி வந்தது. மாலையில் விளக்கேற்றியபின் அதைத் தாளத்தோடு உரக்கப் படித்தோம். ஆயா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். அவருடைய விரல் மட்டும் தரையில் மாவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் சுற்றில் அந்த விரல் சட்டென்று நின்றது. ஓர் இடம் விட்டுப்போயிற்று என்றும், இப்படிப் போனால் கோடு வெளியே ஓடிவிடும் என்றும் சொன்னார். கோலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர் சொன்னது முற்றிலும் சரி. அவசரத்தில் நாங்கள் ஓர் அசைவைக் குறிக்கத் தவறியிருந்தோம்.

எழுத்தறியாத ஒருவர், கண் மங்கிய நிலையில், காதால் மட்டும் கேட்டு, நூற்றுக்கணக்கான அசைவுகளுக்கு நடுவே ஒரே ஒரு பிழையைப் பிடித்துவிட்டார். செய்தியிலிருந்து இரைச்சலைப் பிரித்தறியும் கலைக்காக அறிஞர்கள் பெரிய நூல்களை எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆயா அதைத் தம் விரலால் செய்தார். கைநாட்டு என்று இகழப்பட்ட அதே விரல்தான் அது. நாங்கள் திருத்தி முடித்ததும் அந்த நோட்டைக் கையில் வாங்கி, தாம் படிக்க இயலாத அந்தப் பக்கங்களை ஆயா நெடுநேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

முடிவும் தொடர்ச்சியும்

பேராசிரியர் சிரோமணியின் வாழ்வு நீண்டதன்று. 1986-ஆம் ஆண்டிலும் கோலத்தைப் பற்றிப் புதிய கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்த அவர், 1988-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் தம் 55-ஆம் வயதில் இவ்வுலகை நீத்தார். மறு ஆண்டிலேயே, இந்தியக் கணிப்பொறித் துறையின் முன்னோடியான பேராசிரியர் நரசிம்மன் பதிப்பாசிரியராக இருக்க, அறிஞர்கள் பலர் கட்டுரைகள் எழுதிச் சிரோமணியின் நினைவாக ஒரு தொகுப்பு நூலை வெளியிட்டனர். ராணி அம்மையார் அதன் பின்னரும் மூன்று பத்தாண்டுகள் ஆய்வுலகில் வாழ்ந்து 2019-இல் மறைந்தார். இன்று அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளிலும் கோலக் கணிதத்தை ஆராய்வோர் உள்ளனர். அவர்கள் கட்டுரைகளில் சிரோமணியின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது.

அவரிடம் நாம் கற்க வேண்டியது யாது? அவர் பெரிய தொலைநோக்கியைத் தேடிப் போகவில்லை. நாள்தோறும் எல்லோரும் மிதித்துச் செல்லும் கோலத்தைக் குனிந்து பார்த்தார். அதைப் போட்ட பெண்களை அறிந்தவர்களாக மதித்துக் கேட்டார். கல்வி என்பது மேலிருந்து கீழே ஊற்றப்படுவது மட்டுமன்று. வாசலிலிருந்து வகுப்பறைக்கும் அது ஏறி வரும் என்பதை வாழ்ந்து காட்டினார்.

தோழியரே! வானொலி முள் நழுவியதுபோல் ஒலிகள் பெருகிய காலத்தில் வாழ்கிறோம். அவற்றின் நடுவே நம் அன்னையரும் ஆயாக்களும் கையில் வைத்திருக்கும் செய்தி கேட்காமற்போய்விடக் கூடாது. வருகின்ற பொங்கலுக்குள் நம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து ஆளுக்கொரு கோலத்தையேனும் அசைவு அசைவாகக் கேட்டு நோட்டில் எழுதி வைப்போம். எழுதியபின் அவர்களுக்கே உரக்கப் படித்துக் காட்டுவோம். பிழையிருந்தால் அவர்கள் திருத்துவார்கள். கணக்கு வராது என்று இனி நாமும் சொல்லோம். அவர்களையும் சொல்ல விடோம்!

- பத்தாம் வகுப்பு மாணவி